பிள்ளைக்கும் அழைப்பு வந்ததா?

கேள்வி, 2025 பெப்ரவரி 8

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியின் 200ஆம் ஆண்டுப் பேச்சுகளைப் போன வருடம் முழுக்கக் கேட்டேன். எல்லாரும் அமெரிக்க மிஷன் அம்மாமாரைப் புகழ்கிறார்கள். தாங்கள் பெற்ற பிள்ளைகளைப் பத்து, பதினொரு வயதில் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, எங்கள் பூட்டிமாருக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார்களே, அது என்ன மனம்? தியாகம் என்பதா, கல்நெஞ்சு என்பதா?

பெப்ரவரி 9, ஞாயிறு

கல்நெஞ்சு இல்லை. ஆராதனை முடிந்து வந்து பிட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு இந்த இணையக் கேள்வி இழையைத் திறந்தேன், பானையில் தண்ணீர் வற்றியதுகூடத் தெரியவில்லை, அவ்வளவு கோபம்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். மானிப்பாய்ப் பிள்ளை, உடுவிலில் படித்தவள். கணவர் போதகர். ஏழு வருடமாக ஆபிரிக்காவில், மலாவியில், சொம்பா மலைக்குக் கீழே ஒரு ஊரில் இருக்கிறோம். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஆறு. இப்போது இரண்டு மாத விடுமுறையில் பிள்ளைகளோடு அம்மாவின் வீட்டில். எனவே இந்தக் கேள்வி எனக்கு வரலாற்றுக் கேள்வி இல்லை.

அந்தப் பெண்கள் எப்படி வந்தார்கள் என்று முதலில் பாருங்கள். 1819 ஜூன் 8ஆம் திகதி பொஸ்ரனில் இண்டஸ் என்ற கப்பலில் ஏறினார்கள்: வின்ஸ்லோ, ஸ்போல்டிங், ஸ்கடர், வூட்வேர்ட் என்று நாலு இளம் சோடிகள். கல்கத்தா போய் அங்கிருந்து இலங்கை. ஸ்கடர் குடும்பத்தின் முதல் குழந்தை வழியிலேயே இறந்துபோனது. பண்டத்தரிப்பில் வீடு எடுத்துக் குடியேறும்போதே அந்தத் தாயின் கை வெறுங்கை. அந்தத் தாயைத்தான் கல்நெஞ்சு என்கிறீர்கள்.

பெப்ரவரி 9, இரவு

காலையில் எழுதியது வக்கீல் வாதம் மாதிரி இருக்கிறது. கேட்டவர் பிள்ளை இறந்ததைக் கேட்கவில்லை, அனுப்பியதைக் கேட்டார்.

சரி, அதற்கே வருகிறேன். உடுவில் விடுதிப் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோவின் மகன் சாள்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1832இல் நியூயோர்க்கில் அவன் இறந்தான். பதினொரு வயது. அடுத்த வருடம், 1833 ஜனவரியில், ஹரியற் உடுவிலிலேயே இறந்தார். முப்பத்தாறு வயது. நாங்கள் விடுதியில் இருந்தபோது அவருடைய பெயரை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம், மகனின் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. நான் அவனைப் பற்றி அறிந்தது மலாவி போன பிறகு, ஒரு மழைக்கால இரவில், போனில் எதையோ தேடப்போய். வாசித்துவிட்டு எழும்பிப் போய் மகனின் நுளம்பு வலையைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 11

ஏன் அனுப்பினார்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். படிப்பு ஒரு காரணம், காய்ச்சல் இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும்: பிள்ளைகள் வேலைக்காரரோடு சேர்ந்து தமிழ் பேசிப் பழகி, நம்மவர்களின் வழக்கங்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். பெற்றோர் தமிழ் படிக்க முன்ஷி வைத்து வருடக்கணக்காகத் திணற, பிள்ளை கிணற்றடியில் நின்று இலகுவாகப் பிடித்துவிடும், கெட்ட வார்த்தை உட்பட. சாள்ஸின் தகப்பன் மைரன் வின்ஸ்லோ யாரென்று தெரியும்தானே? 1862இல் 67,000 சொற்களுக்கு மேல் உள்ள தமிழ் அகராதியை வெளியிட்டவர். அகராதி போட்டவர் வீட்டிலும் பிள்ளைக்குத் தமிழ் ஒட்டிவிடக்கூடாது என்ற கவலை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். (இது என் ஊகம், சண்டைக்கு வரவேண்டாம்.)

எனக்கு அதே பயம் தலைகீழாக. என் மகனுக்கு மலாவி மொழியான சிச்சேவா ஓடுகிறது, தமிழ் நொண்டுகிறது. போன கிழமை அம்மம்மாவிடம் "ஆச்சி, ன்ஜாலா" என்றான். அம்மா நாயைப் பற்றி ஏதோ சொல்கிறான் என்று நினைத்து வாசலைப் பார்த்தார். பசி என்று சொல்கிறான் பிள்ளை! எங்கள் வீட்டுப் பிள்ளை பசியை வேறு மொழியில் சொல்லத் தொடங்கிவிட்டது என்றுதான் அம்மா அன்று முழுக்க ஆற்றாமைப்பட்டார். அந்த அமெரிக்கத் தாய்மாரை எங்கள் மொழிக்குப் பயந்தவர்கள் என்று திட்டலாம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு பாதிதான் திட்ட முடிகிறது.

பெப்ரவரி 12

"அங்கே உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்ற கேள்விக்கு: மாயி அபுசா. அபுசா என்றால் போதகர், மாயி என்றால் அம்மா. அதாவது நம்ம ஊர்ச் சபையில் போதகரின் மனைவியைக் கூப்பிடும் ஐயர் அம்மாவேதான். பட்டம் மட்டுமில்லை, அதோடு வரும் எதிர்பார்ப்பும் அதேதான், ஐயர் அம்மா கோபப்படக்கூடாது, அவளின் பிள்ளை ஆராதனையில் நெளியக்கூடாது, எந்த நேரம் ஆள் வந்தாலும் தேத்தண்ணி இருக்கவேண்டும். பட்டணத்துக்குப் போனால் நாங்கள் அம்வென்யே, இந்தியக் கடைக்காரர். முதல் வருடம் சந்தையில் ஒரு ஆள் என்னிடம் துணி விலை கேட்டார். நான் உடுத்திருந்த சேலையைத்தான் கேட்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பெப்ரவரி 15

சாப்பாடு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இழை எங்கேயோ போகிறது, போகட்டும்.

அங்கே நாள்தோறும் ந்சிமா. வெள்ளைச் சோளமாவைக் கொதிநீரில் கிண்டிக் கெட்டியாக எடுப்பது, களி மாதிரி, ஆனால் இனிப்பும் இல்லை உப்பும் இல்லை. பக்கத்தில் பூசணி இலை, அல்லது உசிபா என்கிற ஏரி மீன், காய்ந்தால் அச்சு அசல் நெத்தலிக் கருவாடு. அந்த மணம்தான் முதல் மாதம் என்னைக் காப்பாற்றியது. செத்தல் மிளகாய் போட்டுப் பொரித்துக் கொடுத்தேன், பக்கத்து வீட்டு அக்கா கண்ணில் தண்ணியோடு மூன்று தரம் வாங்கினார்.

சோளமாவில் பிட்டு அவிக்கலாமா? அவிக்கலாம், நம்பாதீர்கள். கொண்டுபோன நீத்துப்பெட்டியை அடுப்பில் ஏற்றினேன். நம்ம வறுத்த அரிசிமா தண்ணீரைத் தெளிக்கத் தெளிக்க உருண்டு உதிர்ந்து வரும். அந்த மா அப்படியில்லை, ஒரு கை தண்ணீர் கூடினால் பசை, குறைந்தால் புழுதி. தகரச் சுண்டாலே கொத்தினேன், கொத்தக் கொத்தக் கட்டி பெரிதாகியது. கடைசியில் கொஞ்சம் மாவை வெறுஞ்சட்டியில் வறுத்துச் சேர்த்தபோதுதான் உதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் முற்றத்தில் இருந்து, இந்தப் பனையோலைத் தொப்பிக்குள் ந்சிமாவை ஏன் வேகவைக்கிறாள் என்று பார்த்தார்கள். இரண்டாம் மழைக்காலத்தில் நீத்துப்பெட்டி பூஞ்சணம் பிடித்துச் செத்தது. இப்போது ஐந்து வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உடுவிலில் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு, பாட வந்த இரண்டு சிறுமிகள்

பெப்ரவரி 15, பிறகு

பிள்ளை வந்து தட்டிவிட்டாள். மேலே "பாட" இல்லை, "படிக்க". உடுவிலுக்குப் படிக்க வந்த இரண்டு சிறுமிகள் மழையில் மாட்டிக்கொண்டு வீடு போக முடியாமல், தொடக்கூடாத வீட்டுச் சாப்பாடு என்று தயங்கித் தயங்கிக் கடைசியில் பசியில் சாப்பிட்டுவிட்ட கதை. விடுதிப் பள்ளி அப்படித்தான் தொடங்கியது என்பார்கள். சின்ன வயதில் அந்தப் பிள்ளைகள் பக்கம் இருந்து கேட்டேன். இப்போது கோப்பையை நீட்டிக்கொண்டு, சாப்பிடுவார்களா மாட்டார்களா என்று நின்றவளின் பக்கம் இருந்து கேட்கிறேன். நான் நீட்டிய பிட்டை அந்த ஐந்து பேரும் வாங்கினார்கள். ஒருத்தி முழுக்கச் சாப்பிட்டாள். மற்ற நாலு பேரும் கையில் வைத்திருந்து, நான் திரும்பியபோது கோழிக்குப் போட்டார்கள். கோழி காட்டிக்கொடுத்தது.

பெப்ரவரி 16, ஞாயிறு

எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

மகளுக்கு இரண்டரை வயது. அவர் உட்கிராமங்களுக்குப் போய் மூன்று நாள். மாலை நாலு மணிக்குப் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு சீமெந்து நிலத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தாள், குளிர்ச்சிக்கு. மலேரியாவுக்கு அது அடையாளம் என்று அந்த ஊர்த் தாய்மாருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. எட்டு மணிக்கு உடம்பு கொதித்தது. மின்சாரம் இல்லை. கிட்ட உள்ள சிகிச்சை நிலையத்துக்குப் போன் எடுத்தால் வண்டி இருக்கிறது, எண்ணெய் இல்லை. எங்களை அனுப்பிய அமைப்பின் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது, "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று. அந்த மின்னஞ்சலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஒன்றும் பேசவில்லை. தன் இடுப்புச் சித்தெஞ்சே துணியை அவிழ்த்து, என்னைக் குனியச் சொல்லி, பிள்ளையை என் முதுகில் படுத்தி, அக்குளுக்குக் கீழே சுற்றி முன்னால் முடிந்தார். முதுகில் பிள்ளையைக் கட்டி எனக்குப் பழக்கமில்லை. நாங்கள் இடுப்பில் வைக்கிற ஆட்கள். அந்தச் சூடு முதுகெலும்பு வழியாக இறங்கியது இப்போதும் தெரிகிறது. டோர்ச் வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தோம். அங்கே விரலில் குத்திப் பார்த்து மலேரியா என்று சொல்லி, எல்.ஏ. என்று அவர்கள் சொல்லும் குளிசையைக் கரைத்துக் கொடுத்தார்கள். கொழுப்புச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும், பால் கொடு என்றார்கள். பிள்ளை சத்தி எடுத்தாள். ஒரு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் திரும்பவும் கொடுக்கவேண்டும். திரும்பவும் கொடுத்தார்கள். அது நின்றது.

நான் ஜெபிக்கவில்லை. இதைச் சபையில் சாட்சி சொல்லும்போது "முழு இரவும் ஜெபத்தில் இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன், பொய். முழு இரவும் அவரோடும் ஆண்டவரோடும் மனதுக்குள் சண்டை பிடித்தேன். அழைப்பு உங்களுக்கு வந்தது, நான் பின்னால் வந்தேன், இந்தப் பிள்ளையிடம் யார் கேட்டது? ஜெபித்தது அக்காதான். வாங்கின் ஓரத்தில் இருந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருந்தார். என்ன வரி என்று நான் கேட்கவே இல்லை.

பெப்ரவரி 17

நேற்றையதை வாசித்துவிட்டு நிறையப் பேர் ஆறுதல் எழுதியிருக்கிறார்கள். மகள் நல்ல சுகம். இப்போது கொய்யா மரத்தில்.

லிவிங்ஸ்டனின் மனைவி மேரி பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் பக்கத்தில் லிவிங்ஸ்டன் என்ற அந்த மிஷனரியின் பெயர் எங்கும் உண்டு. பிளான்ரயர் நகரத்துக்கே அவர் பிறந்த ஸ்கொட்லாந்து ஊரின் பெயர்தான். மனைவியையும் பிள்ளைகளையும் 1852இல் கேப்டவுனில் கப்பலேற்றிப் பிரித்தானியாவுக்கு அனுப்பிவிட்டு அவர் உள்நாட்டுக்கு நடந்தார். மேரி திரும்பி வந்து 1862இல் சம்பேசி ஆற்றங்கரையில் சுபங்காவில் காய்ச்சலில் இறந்தார். அவரின் பெயரில் நகரம் இருந்தால் எனக்குத் தெரியாது என்று எழுத வந்து அழித்தேன், யாராவது தேடிக் கொண்டுவந்து போட்டுவிடுவீர்கள்.

பெப்ரவரி 19

"எல்லாம் மதம் மாற்றத்தானே" என்று எழுதியவருக்கு நேராகவே பதில்: ஆம், அதற்குத்தான் வந்தார்கள், மறைக்கவும் இல்லை. சைவத்துக்காக ஆறுமுக நாவலர் எழும்பியதும் இதனால்தான். உடுவிலுக்குப் பக்கத்திலேயே மருதனார்மடத்தில் 1913இல் இராமநாதன் சைவப் பெண்களுக்குக் கல்லூரி கட்டியதும் இதற்குப் பதிலாகத்தான். பதில் நல்ல பதில். என் அப்பம்மாவின் பக்கம் சைவம், மூன்று பெரியம்மாமார் அங்கே படித்தவர்கள், வேதக்காரப் பள்ளிக்கூடத்தைவிடத் தங்களுடையதில்தான் வடிவாகப் பாடச் சொல்லித் தந்தார்கள் என்று இன்றும் குத்துவார்கள். குத்து சரிதான்.

எனக்குப் பொறுக்காதது மதம் மாற்றியது இல்லை, பெயர் மாற்றியது. விடுதிப் பிள்ளைக்குப் பணம் அனுப்பும் அமெரிக்கருடைய பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். உடுவில் பதிவில் தமிழ்ப் பிள்ளை அமெரிக்கச் சீமாட்டியின் பெயரோடு இருக்கும். இதைப் பெரிதாகத் திட்டிக்கொண்டு திரிந்த காலத்தில்தான் மலாவியில் ஒரு தாய் தன் குழந்தைக்கு என் பெயரை வைத்தார். நான் கேட்கவில்லை. அவர் தானாக வைத்தார். கண் கலங்கினேன், படம் எடுத்து மானிப்பாய்க்கு அனுப்பினேன். பிறகு இரவு படுத்திருக்கும்போது, நான் மாதா மாதம் அந்த வீட்டுக்கு மா வாங்கிக் கொடுத்தது நினைவு வந்தது.

பெப்ரவரி 20

திருத்தம். ஒருவர் சுட்டிக்காட்டியபடி, நான் தனிமடலில் எழுதிய பதிலொன்றில் எலைசா அக்னியூவையும் "தாய்மார்" வரிசையில் சேர்த்துவிட்டேன். அவர் மணம் முடிக்கவில்லை. 1840இல் உடுவிலுக்கு வந்து ஏறக்குறைய நாற்பது வருடம் தலைமை ஆசிரியையாக இருந்து, ஊருக்குத் திரும்பிப் போகாமலே 1883இல் மானிப்பாயில் இறந்தார். ஆயிரம் பெண்களின் தாய் என்பார்கள். கப்பலேற்றி அனுப்பப் பிள்ளை இல்லாதவரைத்தான் நாம் தாய் என்று கொண்டாடுகிறோம், பெற்றவர்களைப் பற்றி இழை திறந்து விசாரிக்கிறோம். (கேட்டவர் கோபிக்கவேண்டாம்.)

இன்னொன்று. 1820இல் ஆளுநர் பார்ன்ஸ் இனிப் புதிய அமெரிக்க மிஷனரிகள் வரக்கூடாது என்று தடுத்தார், அது நீங்கியது 1833இல்தான். இடையில் யாராவது இறந்தால் இடத்துக்கு ஆள் இல்லை. தெல்லிப்பழையில் சூசன் பூவர் 1821இல் இறந்தார். மிஞ்சிய இந்தக் கொஞ்சப் பெண்கள்தான் பிள்ளையும் பெற்று, பள்ளியும் நடத்தி, வருகிற நோயாளிக்குக் கஞ்சியும் காய்ச்சினார்கள்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கேள்வி கேட்டவர் இன்று நேரடியாக ஒன்று எழுதினார்: "நீங்கள் ஏன் இவ்வளவு சூடாகிறீர்கள்?"

நியாயம். சொல்கிறேன்.

மகனை இங்கே அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள், பாதிப் பேர் மரத்துக்குக் கீழே. நகரத்து நல்ல பள்ளியின் கட்டணம் எங்களுடைய வருமானத்தில் முக்கால்வாசி. அனுப்பிய அமைப்பு கொடைக்கானல் விடுதிப் பள்ளி மாதிரி ஒன்றைப் பாருங்கள் என்கிறது, பணம் தருவதாகச் சொல்லவில்லை. கொடைக்கானலே இந்தக் கதைதான் தெரியுமா? யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்குப் போன அமெரிக்க மிஷன்காரர், காய்ச்சலில் செத்துச் செத்து, 1845இல் மலையில் வீடு கட்டினார்கள். 1901இல் அங்கே தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். கப்பலேற்றி அனுப்பாமல் இருக்க அவர்களுக்குக் கிடைத்த வழி ஒரு மலை. அதற்குத் தாய்மார் எண்பது வருடம் காத்திருந்தார்கள்.

அவர் போனில் "நீ முடிவெடு" என்கிறார். பெருந்தன்மை மாதிரி இருக்கும், இல்லை. பிறகு பிழையாய்ப் போனால் என் பிழை.

அம்மா தன் அறையில் ஏற்கெனவே அவனுக்குக் கட்டில் போட்டுவிட்டார்.

பெப்ரவரி 24

"யாழ்ப்பாணத்தாருக்கு எதற்கு மிஷனரி வேலை" என்றவருக்குச் சுருக்கமாக: புதிசில்லை. 1900அளவிலேயே இங்குள்ள மாணவர்கள் தாங்களாக ஒரு மிஷன் சங்கம் வைத்துத் தமிழ்நாட்டுத் தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், தோணியில் போகிற தூரம். அப்போதும் போனவருடைய பெண்சாதி பெட்டி கட்டியிருப்பார்.

மார்ச் 2, ஞாயிறு

இன்றைய பிரசங்கம் அன்னாள் பற்றி. நான் இந்த இழையில் எழுதுவது போதகருக்குத் தெரியாது, ஆனால் நெளிந்தேன். பிள்ளை கேட்டு அழுதாள், பெற்றாள், பால் மறந்ததும் சாமுவேலை ஆலயத்தில் விட்டாள். எல்லாப் போதகரும் பொருத்தனையோடு நிறுத்திவிடுவார்கள், இவரும் நிறுத்தினார். எனக்கு அடுத்த அதிகாரம்தான் வேண்டும்: வருடத்துக்கு ஒருமுறை பலியிடப் போகும்போது மகனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோவாள். பார்க்காத ஒரு வருடத்துக்குள் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று என்ன அளவில் தைத்தாள்? ஊரில் அவன் வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்பாட்டிப் பார்த்திருப்பாள்.

மார்ச் 4

வெறும் "பார்க்கத்தான்" என்று சொல்லிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தோம். பெயர் வேண்டாம். இடம் தருவார்களாம், தமிழ் மட்டம் குறைவு, ஒரு வகுப்புக் கீழே போடுவார்களாம். வரும் வழியில் சுன்னாகச் சந்தியில் அம்மா தையல்கடைப் பக்கம் திரும்பினார், சும்மா அளவு எடுத்து வைப்பம் என்று.

மகன் கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டான், அம்மம்மாவுக்கு விளங்கக்கூடாதென்று சிச்சேவாவில்: "டிபிடா லிடி?" எப்ப போவோம் என்று. அந்த "டி"க்குள் அவனும் இருக்கிறான். அவன் கேட்டது வீட்டுக்கா, மலாவிக்கா என்று நான் கேட்கவில்லை, தமிழில் "கொஞ்சம் பொறு ராசா" என்றேன்.

தையல்காரர் நாடாவை இடுப்பில் சுற்றினார், தோளில் வைத்தார், தொடையில் வைத்தார். வளருற பிள்ளை, காற்சட்டைக்கு மடிப்பு எவ்வளவு விட என்று என்னைக் கேட்டார்.

இரண்டு அங்குலம் என்றேன். அம்மா மூன்று என்றார்.